சூதையே தொழிலாகக் கொண்டோர்



சூதாடி என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே நம் மனக்கண்முன் வருபவன் தோற்றுப்போனவன். நாட்டை இழந்தவன், மனைவியின் தாலியை அடகு வைத்தவன், கடைசியிற் கட்டியிருந்த துணியையும் இழந்து நிற்பவன். ஆனால் இன்று எங்கள் பாடசாலை மாணாக்கர் என்னிடம் வேறொரு சூதாடியைப் பற்றிக் கேட்கிறார்கள். போக்கர் என்னும் சீட்டாட்டத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்டு, ஊர் ஊராகச் சென்று ஆடி, கோடிக்கணக்கிற் பொருளீட்டுகின்றவர்கள் அமெரிக்காவிலும் பிறநாடுகளிலும் இருக்கின்றார்களாமே. அது வைத்தியத் தொழிலையும் பொறியியலையும் போல ஒரு தொழில்தானா என்பது அவர்களுடைய கேள்வி. கைத்தொலைபேசி கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உள்ள குடிசைகள்தோறும் புகுந்துவிட்ட இக்காலத்தில் இக்கேள்வியை அதட்டி அடக்கிவிட முடியாது. வரலாற்றைக் கொண்டுதான் விடை சொல்லவேண்டும். அதற்கு வெகுதூரம் போகவேண்டுவதுமில்லை. வன்னிக் காட்டிலே நிற்கும் ஒரு மரத்திலிருந்தே தொடங்கலாம்.

பாலை, முதிரை, கருங்காலி, வீரை என்னும் மரங்களை நம்மில் அறியாதார் இலர். அவற்றிடையே நெடிதுயர்ந்து நிற்கும் தான்றி மரத்தையோ நாட்டு வைத்தியர் அன்றி வேறெவரும் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. கடுக்காயும் நெல்லிக்காயும் தான்றிக்காயும் கூடினாற்றான் திரிபலை ஆகும். இந்த மருந்துக் காய்க்கு இன்னுமொரு பழைய வரலாறு உண்டு. வேதப் பாடல்கள் கூறும் கவறுகள் எலும்பிலோ தந்தத்திலோ செய்யப்பட்டவை அல்ல. தான்றியின் கொட்டைகளே அவை. இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்து முப்பத்துநான்காம் பாடல் சூதாடி ஒருவனின் புலம்பலாக அமைந்தது. அவனைக் கெடுத்தவை இந்தக் கொட்டைகள்தாம். ஒரு குவியலிலிருந்து கொட்டைகளை அள்ளி, நான்கு நான்காக எண்ணுவர். மிச்சமின்றித் தீர்ந்தால் அது 'கிருதம்' என்னும் சிறந்த வெற்றி, ஒன்று மிஞ்சினால் அது 'கலி' என்னும் தோல்வி என்பது இவ்வாட்டத்தை ஆராய்ந்த அறிஞர் கருத்து. கலிபுருஷன் நளனைப் பிடித்தான் என்று நாம் படிக்கும்போது, கலி என்பது சூதுக்களத்தில் வழங்கிய ஓர் எண்ணின் பெயரும் ஆகும் என்பதை நினைத்துக்கொண்டால் கதை புதிய பொருள் தரும்.

நளன் கதையை நாம் பெரும்பாலும் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். அவன் புட்கரனிடம் தோற்றான், காட்டிலே தமயந்தியைப் பிரிந்தான் என்பதோடு கதாப்பிரசங்கிகளும் கண்ணீர் வரவழைத்து அமைந்துவிடுகின்றனர். என் நோக்கிற்கு வேண்டுவது பின்பாதி. வாகுகன் என்னும் பெயருடன் இருதுபன்னனுக்குத் தேரோட்டியாக நளன் செல்லும் வழியில் ஒரு தான்றி மரம் நிற்கிறது. அதன் இலையும் காயும் இத்தனை என்று ஓடும் தேரில் இருந்தபடியே அரசன் சொல்லுகிறான். வடமொழிப் பாரதம் இரண்டு கிளைகளிலும் உள்ள காய்களை 2095 என்று ஒற்றை எண்வரை கூறுகிறது. நளன் நம்பவில்லை. தேரை நிறுத்திக் காய்களை எண்ணிப் பார்க்கிறான். கணக்குச் சரியாக இருக்கிறது. அவ்வித்தையைத் தனக்குக் கற்பிக்குமாறு வேண்டி, அதற்கு மாற்றாகக் குதிரை நூலைக் கற்பிக்கின்றான். சூதின் இரகசியமும் எண்ணின் இரகசியமும் ஒன்றே என்று இக்கதையைச் செய்தவர் அறிந்திருந்தார். நிகழ்தகவுக் கணிதத்தின் தோற்றத்தைப் பற்றி 1975 இல் நூல் எழுதிய இயன் ஹாக்கிங் என்னும் கனடிய மெய்யியலறிஞர் இந்தத் தான்றி மரக் கதையை எடுத்துக்காட்டியிருக்கிறார். நம்மவர்கள் அதைத் தமயந்தியின் துயரத்துள் மறந்துவிட்டார்கள்.

எண்ணறிவு பெற்ற நளன் புட்கரனுடன் மீண்டும் ஒருமுறை ஆடுகிறான், இழந்ததை மீட்கிறான், தோற்ற தம்பிக்கு அவனுடைய பங்கைத் திருப்பிக் கொடுத்தும் அனுப்புகிறான். அதன்பின் அவன் கவறு தொட்டதாகச் செய்தி இல்லை.

இக்கதை பாரதத்தில் யாருக்குச் சொல்லப்படுகிறது? நாடிழந்து வனத்திலிருக்கும் தருமனுக்கு. கதையைச் சொன்ன பிருகதசுவ முனிவரே அவனுக்குக் கவறின் உட்பொருளையும் உபதேசிக்கிறார். அஞ்ஞாதவாச ஆண்டு வந்தபோது தருமன் தேடிக்கொண்ட உத்தியோகம் எது தெரியுமா? விராடன் அவையிற் கங்கன் என்னும் பெயருடன் அரசனோடு கவறாடும் ஆட்டக்காரன்! நமது இலக்கியத்தில் ஊதியம் பெற்று ஆடிய சூதாடி என்று எவரையேனும் சுட்டவேண்டுமாயின் தருமபுத்திரரையே சுட்டவேண்டும். அந்த உத்தியோகத்தின் முடிவும் நினைக்கத்தக்கது. சினங்கொண்ட விராடன் ஆட்டத்தின் நடுவே கையிலிருந்த கவறை அவர் முகத்தில் எறிந்தான், இரத்தம் வடிந்தது.

அரசுகளும் இத்தொழிலை நெடுங்காலமாக அறிந்திருந்தன. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் சூதுக்கென ஓர் அத்தியட்சரை நியமிக்கிறது. ஆட்டம் குறித்த இடத்திலேயே நடக்கவேண்டும். பொய்க்கவறு போட்டால் தண்டம். வென்றவனிடமிருந்து நூற்றுக்கு ஐந்து அரசுக்கு. நமது வள்ளுவரோ சூதைப் பொருட்பாலில், கள்ளுண்ணாமைக்கும் மருந்துக்கும் இடையே வைத்தார். அந்த அதிகாரத்தில் முதற்குறள் தோல்வியைப் பற்றியதன்று, வெற்றியைப் பற்றியது என்பதை மாணாக்கருக்கு நான் எப்பொழுதும் எடுத்துக்காட்டுவேன். தோற்பவனை எச்சரிக்க எவராலும் முடியும். வெல்பவனை எச்சரிப்பதற்கு வள்ளுவர் வேண்டியிருந்தது.

கவறு போய்ச் சீட்டு வந்த கதையைச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். முகலாய மன்னர் பாபர் 1527 இல் சிந்து நாட்டுத் தலைவர் ஒருவருக்குக் கஞ்சீபா என்னும் சீட்டுக் கட்டை அனுப்பியதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். நமது தீவுக்குச் சீட்டு ஐரோப்பியர் வழியாக வந்தது. இஸ்கோப்பன் என்று நாம் கூறுவது ஒல்லாந்தரின் சொல்லே என்பதை, அதைத் துரும்பாக்கி மேசையில் ஓங்கி அடிக்கும் எத்தனை பேர் அறிவர்? நமது மக்களின் தனி ஆட்டமாகிய முந்நூற்று நான்கு எண்ணையே பெயராகக் கொண்டது. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, இராசாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76 வீதம் நான்கினத்துக்கும் 304. விழுந்த சீட்டுக்களை நினைவில் வைத்து, எதிரியின் கையில் இன்னும் எவை இருக்கும் என்று கணிப்பவனே இதில் வெல்வான். பொழுதுபோக்கிற்காக இதை ஆடும் வன்னிக் கமக்காரர் சிலருடைய நினைவாற்றல் எந்தக் கணித ஆசிரியரையும் நாணச் செய்யும். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

இனிப் போக்கருக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரிலும் மிசிசிப்பி ஆற்றில் ஓடிய நீராவிப் படகுகளிலும் பரவிய ஆட்டம் இது. பருத்தி விற்ற பணத்துடன் பயணஞ்செய்த தோட்ட முதலாளிகளைக் குறிவைத்து, படகிலேயே வாழ்ந்த தொழிற் சூதாடிகள் தோன்றினர். அவர்கள் மீது மக்கள் கொண்ட வெறுப்பு எத்தகையது என்பதற்கு ஒரு சான்று: 1835 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் விக்ஸ்பேர்க் நகர மக்கள் விசாரணை எதுவுமின்றி ஐந்து சூதாடிகளைத் தூக்கிலிட்டனர்.

போக்கரின் இயல்பை விளக்காமல் மேலே செல்ல இயலாது. இன்று பெரிதும் ஆடப்படும் வகையில் ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டு. எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு மேசையில் படிப்படியாகத் திறக்கப்படும். இவ்வேழிலிருந்து சிறந்த ஐந்தைக் கூட்டவேண்டும். ஒவ்வொரு படியிலும் பணயம் கூட்டலாம். அஞ்சினால் சீட்டை மடக்கி விலகலாம். கையில் ஒன்றுமில்லாதவனும் பெரும்பணயம் வைத்து மற்றவரை மருட்டி விலகச் செய்யலாம். ஆகவே சீட்டைப் படிப்பதோடு முகத்தையும் படிக்கவேண்டும். முதல் இரண்டு சீட்டுக்கள் 1326 வகையாக அமையும். இரண்டு ஆசுகள் சேர்ந்து வருவது 221 தடவைக்கு ஒருமுறை. அவ்வாறு வந்தாலும் வெற்றி உறுதியன்று. இரண்டு ஆசுகளை வைத்திருப்பவன், இரண்டு இராசாக்களை வைத்திருப்பவனிடம் நூற்றுக்கு ஏறத்தாழப் பதினெட்டு முறை தோற்பான். அந்தப் பதினெட்டும் அடுத்தடுத்தே வரலாம். எனவே தேர்ந்த ஆட்டக்காரன் தன் கைப்பொருளை ஒரே மேசையில் வைக்கமாட்டான்; அதில் ஒரு சிறு பங்கையே வைப்பான். பஞ்சம் வந்தாலும் விதைநெல்லைக் குற்றித் தின்னாத கமக்காரனைப் போன்றவன் அவன்.

கமக்காரனைச் சொன்னவுடனே ஓர் ஆட்சேபம் எழுவதுண்டு. மானாவாரிக் கமமும் சூதுதானே? காலபோகத்திற்கு மழை பெய்யுமோ பெய்யாதோ என்று விதைப்பவன் வானத்தோடு பணயம் வைக்கவில்லையா? கெட்டிக்கார மாணாக்கனே இதைக் கேட்பான். மழையை நம்பி விதைப்பதில் தற்செயல் உண்டு என்பது மெய்யே. இரணைமடுக் குளம் வற்றிய ஆண்டுகளைக் கண்டவர்களுக்கு அதை விளக்கவேண்டியதில்லை. ஆனால் ஒரு கமக்காரன் வென்றால் நாட்டில் நெல் கூடுகிறது. அவன் வென்றதனால் அயற்காணிக்காரன் தோற்கவேண்டியதில்லை. போக்கர் மேசையிலோ ஒரு நெல்மணிகூட முளைப்பதில்லை. ஒன்பது பேர் ஆளுக்குப் பதினாயிரம் ரூபாவுடன் அமர்ந்தால் மேசையில் இருப்பது தொண்ணூறாயிரம். எவ்வளவு திறமையாக ஆடினாலும் அது தொண்ணூறாயிரத்து ஒன்று ஆகாது. மேசை நடத்துபவன் தன் பங்கை எடுப்பதனாற் குறைவதே இயல்பு. நூற்றுக்கு ஐந்து எடுத்தால், கௌடிலியரின் அதே கணக்கில், எஞ்சுவது எண்பத்தையாயிரத்து ஐந்நூறு. தொழில்முறை ஆட்டக்காரனின் சம்பளம் முழுவதும் அதே மேசையில் இருக்கும் மற்றவர்களின் சட்டைப்பையிலிருந்தே வரவேண்டும். ஒருவன் ஆண்டு முழுவதும் அதில் உண்டு உடுத்து வாழ்கிறான் என்றால், ஆண்டு முழுவதும் தோற்பதற்கு அவனுக்கு ஆட்கள் வேண்டும். அந்த ஆட்களின் படம் பத்திரிகையில் வருவதில்லை.

ஆட்களை வரவழைத்த முறையும் வரலாறே. 1970 இல் லாஸ் வேகாஸ் நகரில் பெனி பினியன் என்பவர் தமது சூதாட்ட விடுதியில் உலகத் தொடர் போக்கர்ப் போட்டியைத் தொடக்கினார். முதலாண்டில் வெற்றிவீரராக ஜோனி மோஸ் என்பவரைக் கூடியிருந்த ஆட்டக்காரர்களே வாக்களித்துத் தெரிந்தனர். 1980 இன் தலைமைப் போட்டியில் ஆடியவர்கள் 73 பேர் மாத்திரமே. 2003 இல் இணையவழித் தகுதி ஆட்டமொன்றில் நூறு டொலருக்கும் குறைந்த தொகை கட்டி நுழைந்த கிறிஸ் மணிமேக்கர் என்னும் கணக்காளர், 839 பேர் ஆடிய போட்டியில் 25 இலட்சம் டொலர் வென்றார். 'பணம் செய்பவர்' என்று பொருள்படும் பெயர் அவருக்கு வாய்த்திருந்தது விளம்பரத்துக்கு மிகவும் உதவிற்று. உலகெங்கும் சாதாரண உத்தியோகத்தர்கள் தமக்கும் அது கிட்டும் என்று நம்பினர். 2023 இல் அதே போட்டியில் 10,043 பேர் பதிந்தனர். இந்தியரான நிபுன் ஜாவாவும் ஆதித்திய சுஷாந்தும் 2017 இலும், நிகிதா லூதர் என்னும் பெண்மணி 2018 இலும் அத்தொடரிற் பொற்கங்கணம் வென்றனர்.

சட்டம் இதை எவ்வாறு நோக்கிற்று? இலங்கையில் 1889 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் பொதுவிடங்களிற் பணயம் வைத்தாடுவதைக் குற்றமாக்கியது. 2025 இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டம் நமது நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இந்தியாவிலோ வழக்கு வேறொரு கேள்வியைச் சுற்றியே வளர்ந்தது: ஆட்டத்தில் மேலோங்கி நிற்பது திறமையா, தற்செயலா? ரம்மி பெரிதும் திறமையாட்டமே என்று உச்சநீதிமன்றம் 1968 இற் கூறியது. இணையச் சூதில் இளைஞர் பணமிழந்து தற்கொலை செய்துகொண்ட செய்திகள் பெருகத் தமிழ்நாடு அரசு 2021 இல் இணையவழிப் பணயத்தைத் தடைசெய்தது. அதே ஆண்டு ஓகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை நீக்கிற்று. அரசு மீண்டும் சட்டம் இயற்றிற்று. 2023 நவம்பரில் அந்நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டபோதிலும், ரம்மியும் போக்கரும் திறமையாட்டங்கள் என்று கூறி அவற்றை மட்டும் தடையிலிருந்து விலக்கிற்று. 2025 ஓகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையாயினும் தற்செயலாயினும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

திறமையா என்ற கேள்விக்கு ஆம் என்றே விடை சொல்லுகிறேன். நீதிபதிகள் கூறியதில் எனக்கு ஐயமில்லை. திறமை உண்டு என்று ஒப்புக்கொண்டபின், அத்திறமை மிக அதிகமாக வாய்த்திருந்த ஒருவருடைய வாழ்க்கையைப் பார்ப்பதே முறை.

ஸ்டூ உங்கர் 1953 இல் நியூயோர்க் நகரிற் பிறந்தார். தந்தை மதுச்சாலை நடத்தியவர். பந்தயம் பிடிப்பதும் அவருடைய தொழில். மகன் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதே ஜின் ரம்மி என்னும் ஆட்டத்தில் முதியோரை வென்றான். தந்தை இறந்தபின் படிப்பு நின்றது. சீட்டே குடும்பத்தின் பிழைப்பாயிற்று. சில ஆண்டுகளில் அவருடன் ஜின் ஆட எவரும் முன்வரவில்லை. எதிராளியின் சில சீட்டுக்கள் விழுந்தவுடனேயே அவன் கையிலுள்ளவற்றை அவர் சொல்லிவிடுவாராம். திறமை மிகுந்ததனால் தொழிலே இல்லாமற் போன விந்தை அது! வேறு ஆட்டம் தேடி லாஸ் வேகாஸ் சென்று போக்கரில் இறங்கினார்.

1980 இல் உலகத் தொடர்ப் போட்டியின் இறுதியாட்டத்தில் அவருக்கு எதிரே இருந்தவர் டொயில் பிரன்சன். 1976 இலும் 1977 இலும் வென்றவர். போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் ஆட்டத்தைக் கற்றுத் தேறுவதைத் தாம் அன்றுதான் கண்டதாகப் பிரன்சன் பின்னர் கூறினார். உங்கர் வென்றார். 1981 இலும் அவரே வென்றார்.

பிரன்சன் தோற்றார், ஆனால் அவர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அத்தொழிலிலேயே நிலைத்து, ஆட்ட நுணுக்கங்களை நூலாகவும் எழுதி, 2023 இல் 89 ஆம் வயதிற் காலமானார். அவரை மறைத்துவிட்டு உங்கரை மட்டும் காட்டுவது நேர்மையாகாது. விதைநெல்லைக் காத்தவர்கள் இத்தொழிலில் இருக்கிறார்கள். உங்கர் காக்கவில்லை. சீட்டு மேசையில் ஈட்டியதைக் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் போட்டிகளின் பந்தயத்திலும் கொட்டினார். அங்கே அவருடைய நினைவாற்றலுக்கு வேலை இல்லை. எண்ணுவதற்குச் சீட்டும் இல்லை. எண்ணத் தெரிந்தவர் எண்ண இயலாத இடத்திற் போய் ஏன் ஆடினார் என்று பலர் வியந்திருக்கின்றனர். எனக்கு அதில் வியப்பில்லை. தருமனும் கவறின் உட்பொருளை வனத்திலேதான் கற்றார். ஆசை அதற்கு வெகுமுன்னரே அவருடன் இருந்தது. உங்கருக்குக் கொக்கெயின் என்னும் போதைப்பொருளும் துணையாயிற்று.

1990 ஆம் ஆண்டுப் போட்டியின் மூன்றாம் நாள் அவர் மேசைக்கு வரவில்லை. விடுதியறையில் உணர்விழந்து கிடந்தார். வெறும் நாற்காலியின் முன்னிருந்த அவருடைய காய்கள் சுற்றுக்குச் சுற்றுக் கட்டாயப் பணயமாகக் கரைந்துகொண்டே போயின. அப்படியிருந்தும் முதலிரு நாளில் அவர் சேர்த்திருந்தது ஒன்பதாம் இடத்தைப் பெறப் போதுமாயிருந்தது.

1997 இல் நுழைவுப் பணமாகிய பதினாயிரம் டொலர்கூடக் கையில் இல்லை. பில்லி பக்ஸ்டர் என்னும் நண்பர் கட்டினார். போதைப்பொருளாற் சிதைந்த மூக்கை மறைக்க நீலநிறக் கண்ணாடி அணிந்து, மகளின் படத்தைக் கூடவே வைத்துக்கொண்டு உங்கர் ஆடினார். 312 பேர் ஆடிய போட்டியில் மூன்றாம் முறையும் முதல்வரானார். பத்து இலட்சம் டொலர். உதவிய நண்பருக்குப் பாதி போக மற்றப் பாதி அவருடையது. அது சில மாதங்களுக்கு மேல் நிற்கவில்லை. மறு ஆண்டும் அதே நண்பர் பணம் கட்ட முன்வந்தார். ஆட்டம் தொடங்கியபோது உங்கர் வரவில்லை.

1998 நவம்பர் 22 ஆம் திகதி லாஸ் வேகாஸ் நகரின் மலிவான தங்குவிடுதி ஒன்றில் அவர் இறந்து கிடந்தார். வயது 45. அறையில் இருந்தவை சில நூறு டொலர்கள். வாழ்நாளில் அவர் வென்ற தொகை பல இலட்சம் டொலர் என்பர். அவருடைய ஈமச்சடங்கின் செலவுக்கு, அங்கு வந்திருந்த சூதாட்டத் தோழர்களிடமே பணம் திரட்டப்பட்டது.